நாற்பத்தேழாம் எண்காரர்

3 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "இருக்கு" என்பீர்கள். "சாப்பிட்டியா?" என்பீர்கள். "சாப்பிட்டேன்" என்பேன். அதோடு நம் இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துபோகும். அம்மா இருந்தவரை உங்கள் சேதியை எனக்கும் என் சேதியை உங்களுக்கும் அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். இந்த மூன்று வருடமாகத் தபால்தலை ஒட்டும் வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது.

இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டு, "ஊடகத் தொடர்பியலும் கணினியியலும், முதுகலை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. உங்களுக்குப் புரியும்படி நான் ஒருநாளும் சொன்னதில்லை என்று குறைப்பட்டீர்கள். இதோ சொல்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் என்னைப்போலப் பத்திரிகை, டி.வி. என்று வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். கணினிக்கு நாலு வரி கட்டளை எழுதச் சொன்னால் எங்களுக்குக் கை நடுங்கும். மீதிப் பேர் இன்ஜினியர்கள். ஒரு பத்தி எழுதச் சொன்னால் அவர்களுக்கு ஜுரம் வரும். இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் போட்டுக் குலுக்கினால் நடுவில் ஏதாவது பிறக்கும் என்பது பல்கலைக்கழகத்தின் நம்பிக்கை. இதுவரை பிறந்தது தலைவலிதான்.

எங்கள் லேப் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் நடப்பவர்களின் செருப்புகள் தெரியும். என் நாற்காலிக்கு ஐந்து சக்கரத்தில் மூன்றுதான் மிச்சம். இருபத்தொன்பது வயதில் மறுபடி மாணவியாக உட்கார்ந்தால் முதுகு என்ன சொல்லும் என்று விண்ணப்பத்தில் யாரும் கேட்கவில்லை.

ஒரு சேதி. இந்த வருடம் முதலாண்டில் சேர்ந்தவர்களில் ஒருவர் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். ஏழு மணிச் செய்தி வாசித்தாரே, நீளமான கழுத்து, இடது கன்னத்தில் மச்சம்? அவரேதான். வேலையை விட்டுவிட்டு இங்கே படிக்க வந்திருக்கிறார். முப்பத்தெட்டு வயதாம். நேரில் இன்னும் மெலிவு. நம் வீட்டுக் கூடத்தில் தினமும் பார்த்த முகம், எனக்கு முன்னால் கேன்டீன் வரிசையில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறது. எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

மாத்திரையை மறக்காதீர்கள். பதில் எழுதுங்கள். ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

உங்கள்,
பொடிசு

---

14 ஆகஸ்ட்

அன்பு மகள் பொடிசுக்கு, அப்பா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. தபால்காரர் மாடி ஏறமாட்டார். கீழே பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதை எடுக்க மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறினேன். முழங்காலைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

மோட்டார் பழுது. காலையில் அரைமணி நேரம்தான் தண்ணீர். மேல்வீட்டு அம்மாள் வாளியை வைத்துவிட்டுக் குழாயடியில் கதை பேசுகிறாள். நான் அங்கே நிற்பதில்லை. நின்றால் ஏதாவது பேசவேண்டும்.

அந்தப் பெண் அங்கேயா வந்திருக்கிறாள்? நீ "அவர்" என்று எழுதுகிறாய். எனக்கு அப்படி வரமாட்டேன் என்கிறது. இரண்டு வருடம் தினமும் கேட்டிருக்கிறேன். ஸ்டேஷனில் முப்பத்து நான்கு வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து வண்டிகளின் பெயரும் நேரமும் சொன்னவன் என்ற முறையில் சொல்கிறேன். நல்ல குரல். உச்சரிப்புதான் போதாது. மழையும் மலையும் அவள் வாயில் ஒன்று. நான் ஓர் எண்ணைப் பிசகாகச் சொல்லியிருந்தால் நானூறு பேர் தப்பான பிளாட்பாரத்தில் நின்றிருப்பார்கள். அந்தப் பயம் அவளுக்கு இருந்ததில்லை. ஏன் வேலையை விட்டாளாம்? இப்போது ஓர் ஆள் வந்து வாசிக்கிறான். அவன் இன்னும் மோசம். நான் கேட்பதையே விட்டுவிட்டேன்.

நீ வாங்கிக்கொடுத்த போன் நன்றாக இருக்கிறது. பொழுது போகிறது.

நாற்காலிச் சக்கரத்துக்கு எழுதிக்கொடுத்து மாற்று. மூன்று சக்கரத்தில் உட்கார்ந்து விழுந்துவைக்காதே.

இப்படிக்கு,
அப்பா

---

2 செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாற்காலிக்கு எழுதிக்கொடுத்தேன். "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. படிப்பு முடிவதற்குள் சக்கரம் வரும்.

என் ஆய்வேட்டு வேலை தொடங்கிவிட்டது. களைப்பான வேலை. செய்தி வீடியோக்களுக்குக் கீழே ஜனங்கள் கமென்ட் எழுதுகிறார்கள் இல்லையா? அவற்றில் எது ஆளைப் புண்படுத்துகிறது, எது இல்லை என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் மனுஷர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் குறி போடவேண்டும். புண்படுத்தினால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். ஒரே கமென்ட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கவேண்டும், ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியக்கூடாது. என்னோடு குறி போடுகிறவர் பக்கத்து மேசை இன்ஜினியர். என்னைவிட நாலு வயது சின்னவர். "அக்கா, இந்த ஆளுங்க எல்லாம் வீட்ல தங்கமா இருப்பாங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஒன்று, ஒன்று, ஒன்று என்று தட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாளைக்கு முந்நூறு. சாயங்காலம் வெளியே வந்தால் எதிரே வருகிற முகங்களைப் பார்க்கவே பிடிக்காது.

அந்தக் கமென்ட்டுகள் யாருடைய வீடியோக்களுக்கு வந்தவை தெரியுமா? அந்தச் செய்தி வாசிப்பாளருக்கு வந்தவை. அவரே சேனலில் கேட்டு வாங்கி எங்கள் பேராசிரியரிடம் கொடுத்திருக்கிறார். "வீணாப் போகாம யாருக்காவது உபயோகமாகட்டும்" என்றாராம். எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டிருக்கிறோம்.

அப்பா, அவர் வகுப்பில் வாயைத் திறப்பதே இல்லை. சந்தேகம் இருந்தால் தட்டச்சு செய்து ஆசிரியரின் திரைக்கு அனுப்புகிறார். வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குகிறார். ஏன் வேலையை விட்டார் என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கமென்ட்டுகளால்தான் விட்டார் என்று நினைக்கிறேன்.

நேற்று ஒரு கூத்து. நாங்கள் இருவரும் போட்ட குறிகளை ஒப்பிட்டார்கள். எல்லாம் ஓரளவு ஒத்துப்போயிற்று, நாற்பத்தேழாம் எண்ணைத் தவிர. முதல் கட்டுக் கமென்ட்டுகளில் அவருடையவை எண்பது. இன்ஜினியர் அறுபத்தொன்றுக்கு ஒன்று போட்டிருக்கிறார். நான் இரண்டுக்குத்தான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்களுக்கு மட்டும் இதெல்லாம் ஏன் உறைக்கலை?" என்று கேட்டார். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல், எத்தனையாவது நிமிடத்தில் எந்தச் சொல் பிசகியது என்று எழுதுகிற மனிதர் அந்த நாற்பத்தேழாம் எண்காரர். "இது திட்டே இல்லை மேடம். எங்க வீட்ல இப்படித்தான் பேசுவாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த அந்தச் செய்தி வாசிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு கேன்டீனில் அவரே என் எதிரில் வந்து உட்கார்ந்தார். முதல் தடவையாகப் பேசினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கிற மாதிரி. "மத்தவங்க திட்டினதெல்லாம் எனக்கு நினைவே இல்லைங்க. அவங்க செய்தியைக் கேட்கவே இல்லை, சும்மா திட்டினாங்க. நாற்பத்தேழு மட்டும்தான் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டார். அதனால அவர் சொன்னது நிஜமா இருக்கும்னு தோணிடுச்சு."

உங்களிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. ஸ்டேஷன் மைக் ஆளாயிற்றே, உங்களுக்குப் புரியும்.

உங்கள்,
பொடிசு

---

11 செப்டம்பர்

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. மோட்டார் சரியாகிவிட்டது.

படிப்பு என்றால் புத்தகம், பரீட்சை என்று நினைத்திருந்தேன். ஊரார் எழுதிய வசவைப் பொறுக்கியெடுத்து எண்ணுவதற்கா இவ்வளவு தூரம் போனாய்? வேறு விஷயம் எடுத்துக்கொள்ளக் கூடாதா? பேராசிரியரிடம் கேட்டுப்பார்.

அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் பெயர்கள் யாரிடமாவது இருக்கின்றனவா? பொதுவாகத்தான் கேட்கிறேன்.

நாற்பத்தேழாவது ஆளைப் பற்றி நீ அவ்வளவு எழுத வேண்டியதில்லை. பொழுது போகாத கிழவன் யாராவது இருப்பான். பிழையைப் பிழை என்று சொல்வது ஒரு குற்றமா? நீ பூஜ்யம் போட்டதுதான் சரி. அதை மாற்றாதே.

வெயில் அதிகம். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

---

27 செப்டம்பர்

அப்பா,

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன்.

அவர் கிழவர் என்று நான் எழுதவே இல்லை. நாற்பத்தேழாம் எண்ணுக்கு வயது கிடையாது. ஆணா பெண்ணா என்றுகூட எங்கள் அட்டவணையில் இல்லை. நானாகத்தான் "மனிதர்" என்று எழுதினேன்.

இரண்டாம் கட்டுக் கமென்ட்டுகள் திங்கட்கிழமை வந்தன. நாற்பத்தேழுக்கு மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. பதினோரு மாதம். பேராசிரியர் எங்களை அவற்றைத் தேதிவரிசையில் சேர்த்துப் படிக்கச் சொன்னார். நூற்று முப்பதாவதோ என்னவோ, இப்படி இருந்தது: "நாக்கை இஸ்திரி போட்டுக்கொண்டு நாளைக்கு வா."

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். பள்ளி விழாவில் நாலு வரி சொல்லவேண்டும். கூடத்தில் நிற்கவைத்துச் சொல்லச் சொன்னீர்கள். மூன்றாவது வரியில் நாக்கு பிசகியது. "போய் நாக்கை இஸ்திரி போட்டுக்கொண்டு வா" என்றீர்கள். நான் நிஜமாகவே இஸ்திரிப் பெட்டி இருந்த அலமாரி முன்னால் போய் நின்று அழுதேன். அம்மாதான் தூக்கிக்கொண்டு போனாள். இந்த வாக்கியத்தை உலகத்தில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்ஜினியர், "என்னக்கா, தண்ணி வேணுமா?" என்றார். "கண்ணு எரியுது" என்றேன்.

மீதியையும் படித்தேன். முதல் முப்பது, நாற்பது வெறும் திருத்தம். பிறகு நீங்கள் எழுதுவதற்காகவே ஆட்கள் காத்திருக்கிறார்கள். "வாத்தியார் இன்னிக்கு என்ன சொல்றார்?" என்று கேட்கிறார்கள். நானூறு லைக், எழுநூறு லைக். ஒவ்வொரு நூறு கூடும்போதும் உங்கள் வாக்கியம் ஒரு சுற்று கூர்மையாகிறது. நூற்றுத் தொண்ணூற்றாறாவது இது: "ஒரு வாரம் காது நிம்மதியாக இருந்தது. ஏன் திரும்பி வந்தாய்?" ஆயிரத்துத் தொள்ளாயிரம் லைக்.

அந்த ஒரு வாரம் அவர் எங்கே போயிருந்தார் என்று கேன்டீனில் என்னிடம் சொல்லியிருந்தார். அவருடைய அம்மா இறந்துபோனார்கள். எட்டாம் நாள் வேலைக்கு வந்து செய்தி வாசித்தார்.

அம்மா போன எட்டாம் நாள் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான்தான் கழற்றிச் சரியாகப் போட்டேன்.

நான் தப்பாக நினைக்கிறேன் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் நம்புவதற்குத் தயாராக இருக்கிறேன்.

பொடிசு

---

5 நவம்பர்

அப்பா,

ஐந்து வாரமாகிறது. கடிதம் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். மேல்வீட்டு அம்மாளுக்குப் போன் போட்டேன். "அப்பா நல்லாத்தான் இருக்காரும்மா. பால் வாங்குறார், கதவைச் சாத்திக்கிறார்" என்றார். சரி.

என் பக்கத்துச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பேராசிரியரிடம் போய், நாற்பத்தேழாம் எண் எனக்குத் தெரிந்தவர் என்று சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் கேட்கவேண்டிய தேவை இருந்திருக்காது. குறி போடுகிறவருக்கு எழுதியவரைத் தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே நான் போட்ட குறிகள் அத்தனையும் நீக்கப்பட்டன. ஆறாயிரத்துச் சொச்சம். வேறொருவர் முதலில் இருந்து போடவேண்டும். ஆய்வேட்டைக் கொடுப்பது மூன்று மாதம் தள்ளிப்போகிறது. இன்ஜினியர் தன் நாற்காலியை என் மேசைக்குத் தள்ளிவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டார்.

நீக்குவதற்கு முன்னால் உங்களுடைய இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒருமுறை நானாக மறுபடி படித்தேன். யாருக்காகவும் இல்லை, எனக்காக. இந்தத் தடவை நூற்று எழுபத்தெட்டுக்கு ஒன்று போட்டேன். ஒவ்வொன்றையும் போடும்போது, முதல் தடவை இது ஏன் எனக்கு உறைக்கவில்லை என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் கேட்ட கேள்விக்குச் சிரித்துக்கொண்டே சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன், அப்பா. எங்கள் வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள்.

களைப்பாக இருக்கிறது. கோபம்கூட வரமாட்டேன் என்கிறது.

பொடிசு

---

16 நவம்பர்

அன்பு மகளுக்கு,

ஆமாம். நான்தான்.

இந்த ஒரு வரியை எழுத ஆறு வாரமும் ஒரு கத்தைத் தாளும் ஆயிற்று. முதல் வாரம், நீ யாரோ ஒருவனை நான் என்று நினைத்துக்கொண்டாய் என்று எழுதினேன். கிழித்தேன். இரண்டாம் வாரம், பிழைகளுக்கு நான் பொறுப்பா என்று நாலு பக்கம் எழுதினேன். அதையும் கிழித்தேன். அதன் பிறகு எழுத உட்காரவே இல்லை. போன் அடிக்கும்போது உன் பெயர் தெரியும். அணையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். நியாயம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ஏழு மணிச் செய்தியை உன் அம்மாவும் நானும் சேர்ந்துதான் கேட்போம். யார் வாசித்தாலும் நான் பிழை சொல்வேன். "பாத்தியா, மறுபடி தப்பு" என்பேன். "ஆமா, உங்க காதுக்கு யார்தான் தப்புவாங்க?" என்பாள். அவள் போன பிறகும் ஏழு மணி வந்தது. பிழையும் வந்தது. சொல்ல ஆள் இல்லை. நீ வாங்கித்தந்த போனில் அதே செய்தியின் வீடியோவுக்குக் கீழே எழுத ஓர் இடம் இருந்தது. அவளிடம் சொல்லவேண்டியதை அதில் எழுதினேன்.

உன் அம்மாவாக இருந்தால் இரண்டாம் நாளே "போதும், அந்தப் பிள்ளையை விடுங்க" என்றிருப்பாள். போன் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் கருத்து இன்னும் நூறு பேருக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. முப்பத்து நான்கு வருடம் தினமும் ஆயிரக்கணக்கான பேர் என் குரலைக் கேட்டார்கள். வண்டி எங்கே என்று பார்த்தார்களே தவிர, யார் பேசுகிறான் என்று ஒருவரும் பார்க்கவில்லை. இப்போது முன்பின் தெரியாதவர்கள் வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது. மறைக்கவில்லை. மிகவும் பிடித்திருந்தது.

உன்னிடம் சொல்லாத இன்னொன்று. இருபத்தாறு வயதில் நான் ரேடியோவில் செய்தி வாசிக்கும் தேர்வுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இரண்டு பத்தி வாசித்ததும் ஒருவர், "மூக்கால பேசுறீங்க தம்பி, இது சரிவராது" என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அடுத்த மாதம் ஸ்டேஷன் வேலைக்கு எழுதிப்போட்டேன். உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது. அந்தப் பெண் எதிரே மைக் இருக்கும்போது அலட்சியமாக இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இப்போது யோசித்தால் அவள் அலட்சியமாக இருந்ததே இல்லை. அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

அவளுடைய அம்மா இறந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். தெரியாமலே ஒருவரை ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்கலாமா? டீ ஆறுவதற்குள் எழுதி முடித்த வரி அது.

அழித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். எல்லாம் உங்கள் லேபில் இருக்கும்போது இங்கே அழித்து என்ன பயன்? போனை அலமாரியில் வைத்துவிட்டேன். நீ கூப்பிட்டால் எடுக்கத்தான் இனி வெளியே எடுக்கவேண்டும்.

நீ முதலில் பூஜ்யம் போட்டதுதான் என்னை அதிகமாகத் தாக்குகிறது. அதுதான் சரி, மாற்றாதே என்று வேறு எழுதினேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வழி இருக்கிறது. உன்னிடம் எந்த வருடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவளுக்கு மூன்று பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உறை ஒட்டவில்லை. நீ படித்துப் பார்த்து, கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடு. வேண்டாம் என்றால் கிழித்துப் போடு.

உன் படிப்பை மூன்று மாதம் தள்ளிவைத்த,
அப்பா

---

1 டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

அவருக்கு எழுதியதை நான் படிக்கவில்லை. உறையை ஒட்டிவிட்டேன். அது எனக்கு எழுதியது இல்லையே.

நாலு நாள் தள்ளிப்போட்டேன். வியாழக்கிழமை அவருடைய புரோகிராமிங் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு உள்ளே போனேன். கரும்பலகையில் இருந்ததைத் தாளில் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். நாற்பத்தேழாம் எண் என் அப்பா என்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. வளைத்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

அவர் பேனாவை மூடினார். நகல் எடுத்த தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தார். பிறகு கேட்டார்: "தனியா இருக்காரா?"

"ஆமா. அம்மா இல்லை. மூணு வருஷமாச்சு."

"அப்படித்தான் நினைச்சேன்" என்றார். "வீட்ல யாராவது இருந்தா ஏழரை மணிக்குள்ள அவ்வளவு நீளமா எழுத முடியாது."

உறையை நீட்டினேன். வாங்கி, எடை பார்ப்பது போலக் கையில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை பக்கம்?"

"மூணு."

"அவர் எழுதினது இருநூத்துப் பன்னிரண்டு படிச்சாச்சுங்க. போதும்."

திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபமாக இல்லை. கடையில் பொருளைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைப்பார்களே, அந்த மாதிரி. வாசல்வரை போய்த் திரும்பி, "நீங்க வந்து சொன்னது நல்லது. ஆனா இனிமே கொஞ்ச நாளைக்கு நான் உங்க பக்கத்துல உட்காரலை. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? கேன்டீனில் பார்த்தால் தலையசைக்கிறார். நானும் அசைக்கிறேன். அவர் இப்போதும் வகுப்பில் பேசுவதில்லை. நான் சொன்னதால் எதுவும் சரியாகிவிடவில்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

உறையை இதோடு திருப்பி அனுப்புகிறேன். என்னிடம் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ரேடியோ தேர்வைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை மட்டும் பலமுறை படித்தேன். படியில் உட்கார்ந்திருந்த அந்த இருபத்தாறு வயதுக்காரர் என்னைவிடச் சின்னவர். அவரிடம் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வந்தவரிடம்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

செமஸ்டர் விடுமுறைக்கு வர முடியாது. ஆய்வேட்டு வேலை இருக்கிறது என்பது பாதிக் காரணம். வந்து எதிரே உட்கார்ந்தால் என்ன பேசுவோம் என்ற பயம் மீதிப் பாதி. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் எழுதாமல் விட்டதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்துவிட்டோம்.

முழங்காலுக்கு எண்ணெய் தடவுங்கள். போனை அலமாரியில் இருந்து எடுத்துக் கையருகே வையுங்கள். எப்போதாவது கூப்பிடுவேன்.

பொடிசு

---

12 டிசம்பர்

அன்பு மகள் பொடிசுக்கு,

உன் கடிதமும், அந்த உறையும் வந்து சேர்ந்தன. அவர் வாங்காதது சரி. வாங்கியிருந்தால் எனக்குத்தான் நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்கு அதனால் என்ன? உறையை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். பிரிக்கவில்லை.

அவர் பெயரைக் கேட்டு எழுதாதே. இத்தனை நாள் திரையில் கீழே ஓடிய பெயர்தான், எனக்குத் தெரியும். ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லி நான் எழுதியதில்லை என்பது நேற்றுத்தான் உறைத்தது.

விடுமுறைக்கு வரவில்லை என்று எழுதியதற்காக வருந்தாதே. பயப்படுகிறேன் என்று நீ என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நானும் பயப்படுகிறேன். இரண்டு பேரும் பயந்துகொண்டே ஒரு நாள் உட்காரலாம். அவசரமில்லை.

இங்கே சேதி அதிகமில்லை. மேல்வீட்டு அம்மாளுடன் குழாயடியில் கால்மணி நேரம் நின்றேன். அவளுடைய தம்பிக்குக் கண் ஆபரேஷன். அதைப் பற்றிச் சொன்னாள், கேட்டேன். ஏழு மணிக்கு டி.வி. போடுவதில்லை. அந்த நேரத்தில் கீழே தெருமுனை வரை நடக்கிறேன். முழங்கால் வலிக்கிறது. வலிக்கட்டும்.

வாசற்கதவுப் பூட்டு போன வாரம் இறுகிப்போய்த் திறக்கவே இல்லை. ஒரு மணி நேரம் வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். பூட்டுக்காரர் வந்து பழையதை உடைத்தெடுத்துவிட்டுப் புதிது போட்டார். இரண்டு சாவி கொடுத்தார். ஒன்றை இந்த உறையில், தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். பத்திரமாக எடு, கீழே விழுந்துவிடப் போகிறது. எப்போது வந்தாலும் நீ கதவைத் தட்டவேண்டியதில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, வெளியே போயிருந்தாலும் சரி.

இடப்பக்கமாக இரண்டு தடவை திருப்பவேண்டும். ஒரு தடவை திருப்பினால் திறந்துவிட்டது போலச் சத்தம் வரும், ஆனால் திறந்திருக்காது. இன்னொரு தடவை திருப்பு.

அப்பா